மூன்றாவது பீப்பாய்

வாய்க்காலைப் பார்த்தே சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன ஆர்டர் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லிவிடுவார்கள். சிவப்பு ஓடினால் போர்வை, மஞ்சள் ஓடினால் மேசை விரிப்பு, கருநீலம் ஓடினால் பள்ளிக்கூடச் சீருடை. ஆனால் கொஞ்ச நாளாக வாய்க்காலில் எந்த நிறமும் ஓடவில்லை. பட்டறைக்குள் சக்கரம்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

சக்கரம் என்பது சாயக்காரர் தன் மனைவிக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில், டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுக் குடித்த தம்ளரை நடந்துகொண்டே கழுவியவளைப் பார்த்து, "உன் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டார். அதுவே நிலைத்துவிட்டது. பகலில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோறு தின்பதுகூட அடுப்படிக்கும் சாயத்தொட்டிக்கும் நடுவில், தட்டைக் கையில் ஏந்தியபடிதான். இப்போது அந்த ஓட்டத்துக்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

தண்ணீர் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பட்டறையிலிருந்து இனி நிறத்தோடு ஒரு சொட்டு வாய்க்காலுக்குப் போகக்கூடாது. மறுபடி வந்து பார்ப்போம். அப்போதும் நிறம் இருந்தால் பூட்டிச் சீல் வைத்துவிடுவோம். அன்றிலிருந்து சாயக்காரர் வாய்க்காலுக்குத் திறக்கிற மடைப் பலகையை இறக்கிவிட்டு, கழிவையெல்லாம் பின்கட்டுத் தொட்டியில் சேர்த்து வந்தார். தொட்டி என்ன கடலா? நாளுக்கு நாள் கழுத்துவரை ஏறிக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்தது யார் என்பது ஊரறிந்த ரகசியம். சாயக்காரரின் சொந்தத் தங்கை. வாய்க்காலில் கொஞ்சம் கீழே தள்ளி லாண்டரி வைத்திருந்தாள். புருஷன் செத்தபிறகு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. வாய்க்கால் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துத்தான் துவைக்கவேண்டும். ஒரு நாள் வெள்ளை விரிப்புகள் அத்தனையும் ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்தன. ஆஸ்பத்திரியில் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணனிடம் வந்து முறையிட்டாள்.

"வெள்ளையில படுத்து வெள்ளையில படுத்து நோயாளிக்கே அலுத்துப் போயிருக்கும். கலர்ல படுத்தா சீக்கிரம் குணமாகும்னு சொல்லு" என்று சிரித்தார் சாயக்காரர்.

அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

"கூடப் பிறந்தவளே குழி பறிச்சிட்டா பாத்தியா? இனிமே அவ வீட்டுக் காத்துகூட இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று சாயக்காரர் சபதம் போட்டார். காற்று அவர் சொல்வதைக் கேட்கிற ஜாதியில்லை. சோப்பு வாசனை தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் நல்ல மாதிரிதான். போகும்போது சக்கரத்திடம் வழி சொல்லிவிட்டுத்தான் போனாள். "முதல்ல படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கசடைக் கீழ இறக்குங்க. தெளிஞ்சதைக் கரி வழியா விடுங்க. மீதி நிறத்தைக் கரி பிடிச்சுக்கும். கடைக்கரி கட்டுப்படியாகலன்னா கொட்டாங்குச்சியைச் சுட்டுப் பாருங்க. ஆனா வெறும் அடுப்புக்கரி ஆகாது. காத்துப் படாம மூடிச் சுடணும்."

சக்கரத்துக்கு அது போதும். எண்ணெய் ஆலைப் பின்புறம் மலைபோல் குவிந்துகிடந்த கொட்டாங்குச்சியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து, முற்றத்தில் ஒரு பழைய இரும்புப் பீப்பாயில் போட்டு மூடித் தீ வைத்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. கண்ணைக் கரிக்கிற புகை கிளம்பி வாய்க்காலோடு கீழே இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, சாயங்காலம் நாத்தனார் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு விரிப்பு. அதில் புள்ளி புள்ளியாகக் கரி.

"என்ன அண்ணி இது? தண்ணியில சாயம் வந்துச்சு, கேட்டேன். இப்ப வானத்துல இருந்து கரி வருது. இனிமே நான் விரிப்பக் காயப்போடறதா, மடிச்சு வச்சுக் கும்பிடறதா?"

"கத்தாதே. உங்கண்ணன் உள்ள இருக்கார்."

"இருக்கட்டுமே. நான் என்ன திருடியா?"

"உனக்காகத்தானேம்மா சுடறேன். இந்தக் கரி சரியா வந்தா உன் பக்கம் வெள்ளைத் தண்ணி வரும். வரலன்னா இங்க பூட்டு வரும்."

நாத்தனார் பீப்பாயை எட்டிப் பார்த்தாள். ஒரு குச்சியால் கிளறினாள். மேலே சாம்பல், அடியில் பச்சை ஓடு அப்படியே கிடந்தது.

"பாதி வெந்து பாதி வேகாம இருக்கு. இதப் போட்டா தண்ணி இன்னும் அழுக்காகும்." குச்சியைக் கீழே போட்டாள். "என்கிட்ட பாய்லர் அடுப்பு இருக்கில்ல? டின்ல அடைச்சு, சின்ன ஓட்டை மட்டும் விட்டு உள்ள தள்ளினா, வர்ற புகையும் அந்த நெருப்பிலயே எரிஞ்சுபோகும். எனக்கு விறகும் மிச்சம்."

சக்கரம் அவள் முகத்தையே பார்த்தாள். "அப்புறம் ஏம்மா புகார் குடுத்தே?"

"பட்டறைய மூடணும்னா குடுத்தேன்? தண்ணி வெள்ளையா வரணும்னு குடுத்தேன். வாய் வார்த்தையா சொன்னா உங்க வீட்டுக்காரர் ஜோக் அடிக்கறார். ஜோக் அடிக்க முடியாத எடத்துல போய்ச் சொன்னேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. மறுநாளிலிருந்து விடியும் முன்பே வண்டியில் கொட்டாங்குச்சி கீழே போகும். வெயில் ஏறுவதற்குள் கரி மேலே வரும். எண்ணெய் ஆலைக்காரரே சுட்டுக் கொடுக்கிறார் என்று சக்கரம் புருஷனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள். பட்டறையில் துணி பிழிகிற ஆளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே அதிசயம் என்பதால் அந்தப் பக்கம் பயமில்லை.

கரி வந்ததோடு வேலை முடிந்துவிடுமா? இடிக்கவேண்டும், சலிக்கவேண்டும், கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை அலசவேண்டும். இடித்து இடித்துச் சக்கரத்தின் முகமும் கழுத்தும் கறுத்துப்போயின. சாயக்காரரின் கைகள் முழங்கைவரை எப்போதும் நீலம்.

"வீட்ல ரெண்டு பேர்ல ஒருத்தராவது மனுஷ நிறத்துல இருக்கணும்னு நெனச்சேன். அதுவும் போச்சு" என்றார் அவர்.

"நீங்க முதல்ல கையக் கழுவுங்க, அப்புறம் நான் மூஞ்சியக் கழுவறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த கூடைக்குப் போய்விட்டாள்.

மூன்று பீப்பாய்களைப் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார்கள். முதலாவதில் கூழாங்கல்லும் மணலும். இரண்டாவதில் நொறுக்குக் கரி. மூன்றாவதில் சலித்த பொடிக் கரி. மூன்றாவது பீப்பாயின் அடியில், தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் நாலு மடிப்பாக ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள் சக்கரம். அது இல்லாவிட்டால் பொடி தண்ணீரோடு இறங்கிவிடும். முதல் நாள் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி. மறுபடி அலசி, மறுபடி நிரப்பி, ஒருநாள் காலையில் வெறும் தண்ணீர் வந்தது.

சாயக்காரர் பையிலிருந்து வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்தார். சாயம் பார்க்கிறவர் பையில் அது எப்போதும் இருக்கும். சொட்டுகிற தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெள்ளையிலேயே பத்து வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற கண் அது. ஒன்றும் அகப்படவில்லை.

"இத்தனை வருஷமா நான் நிறம் ஏத்திதான் பாத்திருக்கேன். நிறம் எறங்கி இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். குரலில் சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அலுவலக அம்மாள் வருவதற்கு முந்தின நாள்தான் வினை வந்தது. சீருடைத் துணி ஒரு பெரிய லாட்டு அன்றைக்கே சாயம் ஏறியாகவேண்டும். தண்ணீர் லாரியைக் காணவில்லை. சாயக்காரர் வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தார். போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மூன்றாவது பீப்பாய்க்குக் கீழே வாளி நிறைந்து, பளபளவென்று தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குச் சபலம் தட்டிவிட்டது. இவ்வளவு தெளிந்த தண்ணீரில் நிறம் எப்படிப் பிடிக்கும் என்று பார்க்கிற ஆசையும் கூடவே சேர்ந்துகொண்டது. வாளி வாளியாக மொண்டு சாயத்தொட்டியை நிரப்ப ஆரம்பித்தார்.

சக்கரம் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவளால் சும்மா இருக்க முடிந்ததா? மறுநாள் அலுவலகத்திலிருந்து வருகிறார்களே, பீப்பாய் வாய்த்துணி கறுத்துக்கிடக்கிறதே என்று அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அலசப் போனாள். அலசிக் கொடியில் போட்டவள், காய்வதற்குள் அடுத்த கரி மூட்டையைக் கட்டி வைத்துவிடலாம் என்று இறங்கி லாண்டரிக்கே போய்விட்டாள். துணியில்லாத வாய் வழியே மைபோல் நைந்த பொடி கலந்து இறங்கியது. மொண்டவர் கண்ணில் அது படவில்லை. தொட்டிக்குள் கருநீலம் கரைந்திருந்தது. அதில் கறுப்பு விழுந்தால் எங்கே தெரியும்?

அவள் வண்டியில்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பிழிகிற ஆள் முதல் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கருநீலமாக வந்திருக்க வேண்டியது அங்கங்கே வெளிறி, சாம்பல் கோடு கோடாக, வருஷக்கணக்கில் போட்டுத் தேய்ந்த சட்டை மாதிரி இருந்தது.

"போச்சு முதலாளி" என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு.

சாயக்காரர் கொடியில் தொங்கிய வாய்த்துணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் அவுத்தேன். அலசறதுக்கு. நீங்க சாயத்துக்கு மொள்ளுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கரி! கரி! என் மூஞ்சில பூசறதுக்குன்னே வந்த கரி!" என்று கத்திக்கொண்டு, மூலையில் கிடந்த கரிச் சாக்கைக் காலால் எட்டி உதைத்தார். அது புரண்டு விழுந்தது. அடிப்பக்கத்தில் அழியாத மையில் மூன்று புள்ளிகள். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய லாண்டரியில் வைக்கிற குறி. தங்கை கடை திறந்த அன்று, முதன்முதலாக வந்த மூட்டைக்கு அந்தக் குறியை வைத்ததே அவர்தான்.

அவர் குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவினார்.

"எண்ணெய் ஆலைக்காரர் சுட்டுக் குடுத்தாரா?"

சக்கரம் சாக்கை நிமிர்த்தி வைத்தாள்.

"புகாரும் அவ குடுப்பா, கரியும் அவ குடுப்பாளா? நான் என்ன பொம்மையா? நாளைக்கு அவங்க வந்து மூடறது எதுக்கு, நானே மூடிக்கறேன். போற போக்குல எல்லாக் கலரும் சேந்து அவ வீட்டுக்கே போகட்டும்!"

விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். கழுத்துவரை நிறைந்த கழிவுத் தொட்டி. மடைப் பலகையை ஒரு இழுப்பு இழுத்தால் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றாகக் கலந்து வாய்க்காலில் பாய்ந்துவிடும். கீழே அந்நேரம் லாண்டரி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் கைப்பிடியைப் பிடித்து இழுக்குமுன் சக்கரம் குறுக்கே ஓடிப்போய், பலகையின் மேல்விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்வதை அந்தத் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். வெட்டவெளிச்சத்தில், வேலை நேரத்தில், கால் இரண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு. பிழிகிற ஆள் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரின்னு சொல்றேன்ல?"

"மூடிட்டு எங்க போவீங்க? இந்த நீலக் கையப் பாத்து எவன் வேற வேலை குடுப்பான்? ஒரு நாளாவது கேட்டீங்களா, இவ எதுக்கு இந்த ஓட்டம் ஓடறான்னு? நின்னா பயம் வந்து பிடிச்சுக்கும். அதான் ஓடறேன். இன்னிக்கு உட்காந்துட்டேன், பாத்துக்குங்க. பயந்துக்கிட்டேதான் உட்காந்திருக்கேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கரிமுகத்தில் கண்ணீர் இறங்கிய இடம் மட்டும் வெளுத்தது. சாயக்காரர் கையை எடுக்கவுமில்லை, பலகையை இழுக்கவுமில்லை.

அந்த நேரம் பார்த்துத் தள்ளுவண்டி பின்வாசலில் வந்து நின்றது. அண்ணி கட்டிவைத்துவிட்டு வந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு நாத்தனாரே வந்திருந்தாள். மடைமேல் உட்கார்ந்திருந்த அண்ணியையும் கைப்பிடியைப் பிடித்திருந்த அண்ணனையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் எதுக்கு மடைகிட்ட நிக்கறாராம்?"

"கண்ணு தெரியலையான்னு கேளு அவள."

"தெரியுது அண்ணி. என் மோட்டார் ஓடறதும் அவருக்குக் கேக்குதான்னு கேளுங்க."

"கேக்குதுன்னு சொல்லு."

"ஏங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு அடிகூட இல்ல. எனக்கு எதுக்கு இந்தத் தபால்காரி வேலை?" என்றாள் சக்கரம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நாத்தனார் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கீழே கிடந்த துணியை எடுத்து விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது.

"பொடி ஏறியிருக்கு. வாய்த்துணி எங்க?"

"நான்தான் அவுத்து அலசப் போட்டேன்."

"உங்களால ஒரு நாள் சும்மா இருக்க முடியாதே அண்ணி."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்று சாயக்காரர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்னபிறகு, யாரிடம் சொன்னோம் என்று விழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கை கையிலிருந்த துணியைப் பிடுங்கினார்.

பிடுங்கியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் போய்த் தொழில்கண் திறந்துகொண்டது. துணியோடு சாயத்தொட்டிக்குப் போனார். ஒரு குவளை மொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். போட்ட நிறம் துணியிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை.

"அவ்வளவு சாயம் போட்டேன். பாதியக் காணோம்." பிழிகிற ஆளிடம் சொல்வதுபோல் சொன்னார். "வாய் வழியா கசிஞ்ச தூளுக்கே இவ்வளவு பசின்னா, மூணாவது பீப்பாய்ல உட்காந்திருக்கறது எவ்வளவு தின்னும்?"

குவளையைத் தொட்டியிலேயே கவிழ்த்தார்.

"நாம அத ஒழுங்காப் போட்டா இந்தத் தொட்டி மொத்தமும் எறங்கும். லாட்டு போனது போனதுதான்." மனைவி பக்கம் திரும்பினார். "சக்கரம், அவகிட்டச் சொல்லு. சாக்க எறக்கச் சொல்லி."

"அண்ணி, எறக்கறேன்னு சொல்லுங்க. அவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க. கனமா இருக்கு."

பொழுது சாயும்வரை நாலு பேரும் வேலை செய்தார்கள். பழைய கரியைக் கொட்டி ஓரமாகக் குவித்தார்கள். புதுக் கரியை அலசி நிரப்பினார்கள். வாய்த்துணியைச் சாயக்காரரே ஆறு மடிப்பாகக் கட்டினார். முடிச்சை அவிழ்த்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னார். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிந்த கழிவு முதல் பீப்பாயில் ஏறி மூன்றாவதில் இறங்கியது. நடுவில் நின்றுகொண்டே ரொட்டியும் டீயும். நாத்தனார் நின்று சாப்பிட்டுப் பழக்கமில்லாதவள். டீயைப் பாதி மேலே கொட்டிக்கொண்டாள். அண்ணன் பையிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். மனைவி அதை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

காலையில் அலுவலக அம்மாள் வந்தாள். புகார் கொடுத்தவரும் கூட இருக்கவேண்டும் என்பதால் நாத்தனாரும் வந்து நின்றாள். மூன்றாவது பீப்பாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தாள் அந்த அம்மாள். சக்கரம் பாட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"நீங்க கொஞ்சம் நில்லுங்கம்மா, தலை சுத்துது" என்றாள் அந்த அம்மாள். பிறகு, "கண்ணுக்கு நிறம் இல்ல. ஆய்வகத்துலயும் பாக்கணும். இப்போதைக்கு சீல் வைக்கல" என்றவள், நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உங்க புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

சாயக்காரர் தரையைப் பார்த்தார். சக்கரம் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்ல மேடம். அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். "இருந்தாத்தான் நாளைக்கும் கரிய மாத்துவாங்க. எங்கண்ணன் நல்லவர்தான். ஆனா மறதி ஜாஸ்தி."

அந்த அம்மாள் சிரித்தபடி பாட்டிலை மூடிக்கொண்டு கிளம்பினாள். சாயக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. நாத்தனார் அண்ணியிடம் மட்டும் தலையசைத்துவிட்டு, காலி வண்டியை உருட்டிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் இனி பேச்சில்லை என்று சக்கரம் நினைத்தாள்.

சாயக்காரர் வெறுமனே நிற்க முடியாமல் பையில் கைவிட்டார். தங்கை துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்த வெள்ளைத் துண்டு. அதைச் சொட்டுகிற தண்ணீரில் நனைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில், மற்றவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத அளவு, நீலம். பீப்பாய்க் கரியின் வயிறு நிறைந்துவிட்டது, இனி நிறத்தைப் பிடிக்காது. குழாயைச் சட்டென்று மூடினார்.

"ஏய் பொடிசு!"

வண்டி நின்றது. அம்மாவும் அப்பாவும் போனபிறகு அந்தப் பெயர் சொல்லி அவளை அழைக்க அவர் ஒருவர்தான் மிச்சம்.

"கரி தீந்துபோச்சு. அடுத்த சாக்கு எப்ப வரும்?"

நாத்தனார் திரும்பினாள். 

"அடுப்புல இருக்குண்ணே. ஆறட்டும். சூட்டோட தொறந்தா எல்லாம் சாம்பலாயிடும்."

"சரி, ஆறட்டும்" என்றார் சாயக்காரர். அதற்குள் சக்கரம் நாத்தனார் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு எண்ணெய் ஆலைப் பக்கம் பாதித் தெருவைக் கடந்திருந்தாள்.